கோர்ட் தீர்ப்பைத் தேடுவது எப்படி: நூலக அலமாரியிலிருந்து இ-கோர்ட்ஸ் வரை

'பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு உண்டு, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். எந்த வழக்கு, எந்த ஆண்டு, எத்தனை நீதிபதிகள், பின்னால் வந்த தீர்ப்பு எதுவும் அதை மாற்றியதா? இவற்றில் ஒன்றும் அந்தச் செய்தியில் இருக்காது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் தம்பியோடு சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு.

இன்று இந்தியக் கோர்ட் தீர்ப்புகளில் பெரும்பகுதியை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். எங்கே தேடுவது என்பது அரை நாளில் பழகிவிடும். கிடைத்த தீர்ப்பு இன்றைக்கும் செல்லுபடியாகிறதா என்று பார்ப்பதுதான் நிஜமான வேலை. சட்ட மாணவர், நிருபர், சொந்த வழக்கு உள்ளவர் என யாராக இருந்தாலும் அதை விடக்கூடாது. வக்கீல் பார்க்க வேண்டிய வேலையை இந்தக் கட்டுரை பார்த்துவிடாது. வக்கீலிடம் போய் உட்காரும்போது சரியான கேள்வி கேட்க உதவும்.

எதைத் தேடுகிறீர்கள்?

தேடல் இரண்டு வகை. ஒன்று, ஒரு குறிப்பிட்ட வழக்கின் நிலவரம்: அடுத்த வாய்தா எப்போது, ஸ்டே இருக்கிறதா, பைசலாகிவிட்டதா, வாங்கப்போகும் மனை மேல் கேஸ் ஏதும் நடக்கிறதா. இன்னொன்று முன்தீர்ப்பு: இதே மாதிரிச் சிக்கலில் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் என்ன சொல்லியிருக்கின்றன என்பது. இரண்டுக்கும் கருவி வேறு. நிலவரம் பார்க்க வேண்டியவர் தீர்ப்புத் தளத்தில் மணிக்கணக்கில் தேடிவிட்டு 'ஒன்றுமே வரவில்லை' என்பது அடிக்கடி நடக்கிறது. விசாரணையில் இருக்கும் வழக்குக்குத் தீர்ப்பு இன்னும் எழுதப்படவே இல்லை, பிறகு எப்படி வரும்?

குறிப்பிட்ட ஒரு வழக்கின் நிலவரம்

மாவட்ட, தாலுகா நீதிமன்ற வழக்குகளுக்கு இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் என்ற அரசுத் தளம் இருக்கிறது. அதே பெயரில் கைபேசிச் செயலியும் உண்டு. இதே பெயரைப் போல வைத்துக்கொண்டு தனியார் தளங்களும் இருப்பதால், முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் சிஎன்ஆர் எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு வழக்குக்கும் கொடுக்கப்படும் 16 இடங்கள் கொண்ட எண் இது. தொடக்கத்தில் மாநிலத்தையும் மாவட்டத்தையும் குறிக்கும் எழுத்துகள், கடைசி நான்கு இலக்கம் ஆண்டு. அதை அப்படியே தட்டினால் வழக்கின் முழு வரலாறும் வந்துவிடும்: தாக்கலான நாள், ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது, அடுத்த தேதி, பதிவேற்றப்பட்ட உத்தரவுகள்.

அது இல்லாவிட்டால் வழக்கு எண் வேண்டும். இங்கே வழக்கின் வகை முக்கியம். சொத்து, பணம் பற்றிய அசல் வழக்கு ஓ.எஸ்.; அதன் முதல் மேல்முறையீடு ஏ.எஸ்.; உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு எஸ்.ஏ. விபத்து இழப்பீடு எம்.சி.ஓ.பி. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கும் குற்ற வழக்கு சி.சி., செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனது எஸ்.சி. ரிட் மனு டபிள்யூ.பி. எண்ணும் ஆண்டும் சரியாக இருந்தும் வழக்கு வராவிட்டால், பெரும்பாலும் வகை தவறாக இருக்கும், அல்லது நீங்கள் வைத்திருப்பது பதிவு எண்ணாக இல்லாமல் தாக்கல் எண்ணாக இருக்கும். இரண்டும் வேறு வேறு எண்கள்; தளத்தில் தேடும் இடமும் தனித்தனி.

பெயரை வைத்துத் தேடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது, எல்லோரும் சறுக்குவதும் அங்கேதான். பெயர்கள் ஆங்கிலத்தில் ஏற்றப்பட்டிருக்கும். செந்தில் என்ற பெயரில் 'டி'க்குப் பிறகு 'எச்' போடுவோரும் உண்டு, போடாதோரும் உண்டு. ழகரம் வந்தால் 'இசட் எச்', 'எல்' இரண்டையும் பார்க்க வேண்டும். இனிஷியல் முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம். அதனால் முழுப்பெயரை அடிக்காமல், எப்படி எழுதினாலும் மாறாத நாலைந்து எழுத்துகளை மட்டும் அடியுங்கள். நிலுவை, பைசல், இரண்டும் என்று தேர்வு இருக்கும். 'இரண்டும்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். நிலுவையை மட்டும் பார்த்துவிட்டு மனை மேல் வழக்கே இல்லை என்று முடிவுகட்டுவது ஆபத்து. நேற்று பைசலான வழக்குக்கு நாளை அப்பீல் வரலாம்.

உயர் நீதிமன்ற வழக்காக இருந்தால் சென்னையா மதுரையா என்று பார்க்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் இருந்து நடக்கிறது. அங்கே பதிவாகும் வழக்கு எண்ணில் 'எம்டி' என்ற இரண்டு எழுத்து அடைப்புக்குறிக்குள் வரும். அதைக் கவனிக்காமல் சென்னைப் பட்டியலில் தேடினால், அதே எண்ணுள்ள வேறு யாரோ ஒருவரின் வழக்குதான் கிடைக்கும். கேட்பதற்குச் சின்ன விஷயம், வாய்தா தவறிப்போவது இப்படித்தான்.

எல்லாம் இ-கோர்ட்ஸில் வந்துவிடாது. நுகர்வோர் ஆணையங்களுக்கும், கம்பெனிச் சட்டம், கடன் மீட்பு போன்ற தீர்ப்பாயங்களுக்கும் தனித்தனித் தளங்கள் உண்டு. ஆர்டிஓ, டிஆர்ஓ முன் நடக்கும் பட்டா விசாரணைகள் கோர்ட் வழக்குகளே அல்ல. அவற்றை அந்தந்த அலுவலகத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

முன்தீர்ப்பு: சட்டப் பிரிவிலிருந்து தொடங்குங்கள்

இரண்டாவது வகைத் தேடலுக்கு வருவோம். பலர் நேராகத் தீர்ப்புத் தளத்துக்குப் போய் 'மகள் சொத்து பங்கு' என்று அடிப்பார்கள். அதற்கு முன்னால் சட்டத்தின் வாசகத்தைப் படித்துவிடுவது நல்லது. இந்தியா கோட் என்ற அரசுத் தளத்தில் மத்தியச் சட்டங்களும் மாநிலச் சட்டங்களும் இருக்கின்றன.

மகளின் பங்கையே எடுத்துக்கொள்வோம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 6. மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்து, அதை 2005இல் நாடாளுமன்றம் திருத்தியது. திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் அமலுக்கு வந்தது. அத்தோடு நின்றுவிட்டால் தமிழ்நாட்டுக்காரர் ஒரு முக்கியமான அடுக்கைத் தவறவிடுவார். 1989இலேயே தமிழ்நாடு தனித் திருத்தம் கொண்டுவந்து, மகளைக் கூட்டுக் குடும்பச் சொத்தின் பங்குதாரர் ஆக்கியது. ஆனால் அந்தத் திருத்தம் அமலான 1989 மார்ச் 25க்கு முன்பே கல்யாணமான மகளுக்கு அது பொருந்தாது. 2005 திருத்தத்தில் அப்படித் திருமண நிபந்தனை கிடையாது. ஆக, ஒரே கேள்விக்கு இரண்டு சட்டங்கள், இரண்டு தேதிகள். மாநிலத் திருத்தம் உண்டா என்று பார்க்காமல் எந்த மத்தியச் சட்டத்தையும் மேற்கோள் காட்டாதீர்கள்.

குற்றவியல் பக்கம் இன்னொரு குழி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, பாரதிய சாக்‌ஷிய அதினியம் வந்துவிட்டன. பழைய 420 இப்போது 318. கொலைக்கான 302 இப்போது 103. இதெல்லாம் பரவாயில்லை, 482தான் ஆளைக் கவிழ்த்துவிடும். பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யும் உயர் நீதிமன்ற அதிகாரம். புதிய சட்டத்தில் 482 என்றால் முன்ஜாமீன். ரத்து செய்யும் அதிகாரம் 528க்குப் போய்விட்டது. வெறும் எண்ணை மட்டும் தட்டினால் இரண்டும் கலந்து வரும். பல ஆண்டுகளுக்குப் பழைய எண்ணிலுள்ள தீர்ப்புகளும் தேவைப்படும் என்பதால், சட்டத்தின் பெயரையும் சேர்த்து, இரண்டு எண்களிலும் தேட வேண்டும்.

தீர்ப்புத் தளங்கள்

மூன்று இலவசத் தளங்கள் போதும். முதலாவது இந்தியன் கானூன். 2008இல் சுஷாந்த் சின்ஹா என்ற கணினிப் பொறியாளர் தொடங்கியது. இரண்டாவது இ-எஸ்சிஆர்: உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பான சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸின் இணைய வடிவம், 2023 ஜனவரியில் திறக்கப்பட்டது. மூன்றாவது இ-கோர்ட்ஸின் தீர்ப்புத் தேடல் பக்கம். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இது கைகொடுக்கும்.

என் வழக்கம், இந்தியன் கானூனில் தேடி, இ-எஸ்சிஆரில் சரிபார்ப்பது. முதலாவதில் தேடுவது சுலபம். பழைய தீர்ப்புகளில் அச்சை ஸ்கேன் செய்தபோது நுழைந்த எழுத்துப் பிழைகள் அங்கே உண்டு. அதிலிருந்து அப்படியே எடுத்து மனுவில் ஒட்டக் கூடாது.

உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆகவே தேடுசொல்லும் ஆங்கிலத்தில் வேண்டும். அதிலும் வக்கீல்கள் எழுதும் ஆங்கிலம். 'ரொம்ப வருஷமா அனுபவிச்சு வர்றோம்' என்பது தீர்ப்பில் 'அட்வர்ஸ் பொசஷன்' என்றுதான் இருக்கும். அந்தச் சொல் தெரியாவிட்டால், தொடர்புடைய ஒரே ஒரு தீர்ப்பை எப்படியாவது பிடித்து அதிலுள்ள சொற்களைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். அடுத்த தேடல் கூர்மையாகிவிடும். சேர்ந்தே வர வேண்டிய சொற்களை மேற்கோள் குறிக்குள் போடலாம். இந்தியன் கானூனில் ஆண்ட், ஆர், நாட் மூன்றையும் தேடல் கட்டளையாகப் பயன்படுத்த, பெரிய எழுத்தில் எழுதிக் கடைசி எழுத்தை இரட்டிக்க வேண்டும். கொஞ்சம் விசித்திரம்தான், பழகிவிடும். பக்கத்திலேயே கோர்ட், ஆண்டு வாரியாக வடிகட்டவும் வழி இருக்கிறது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் வந்திருக்கிறது. புரிந்துகொள்ள அதைப் படியுங்கள். கோர்ட்டில் காட்ட ஆங்கில மூலம் மட்டுமே செல்லும்.

ஏஐ சாட்பாட்டைக் கேட்கலாமா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். தேடுசொல் யோசிக்கக் கேட்கலாம். வழக்கின் பெயரும் எண்ணும் கேட்காதீர்கள். 2023இல் நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை வக்கீல்கள் மனுவில் காட்டினார்கள். அப்படித் தீர்ப்புகளே உலகத்தில் இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். மூலத் தளத்தில் திறந்து நீங்களே கண்ணால் பார்க்காத எந்தத் தீர்ப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சைட்டேஷனும் நூலக அலமாரியும்

'ஏஐஆர் 1951 எஸ்சி 226' என்று பார்த்தால் மிரள வேண்டாம். அது ஒரு விலாசம். ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் என்ற தொகுப்பில் 1951ஆம் ஆண்டுத் தொகுதி, அதில் சுப்ரீம் கோர்ட் பகுதி, 226ஆம் பக்கம். '(2020) 9 எஸ்சிசி 1' என்றால் சுப்ரீம் கோர்ட் கேசஸ் தொகுப்பு, 2020, ஒன்பதாம் தொகுதி, முதல் பக்கம். விலாசத்தில் வரும் ஆண்டு அச்சான ஆண்டு. தீர்ப்பு வந்த ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. மண்டல் வழக்கு என்று சொல்லப்படும் இந்திரா சாஹ்னி தீர்ப்பு வந்தது 1992 நவம்பரில், ஏஐஆரில் அது 1993 எஸ்சி 477. ஒரே தீர்ப்புக்குத் தொகுப்புக்கு ஒன்றாக நாலைந்து விலாசம் இருப்பதால், 2023 முதல் உச்ச நீதிமன்றம் தானே பொது எண் கொடுக்கிறது: ஆண்டு, ஐஎன்எஸ்சி என்ற எழுத்துகள், வரிசை எண்.

சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு 1891இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல், லா வீக்லி, சிடிசி (கரன்ட் தமிழ்நாடு கேசஸ்) ஆகிய தொகுப்புகள் வக்கீல்கள் கையில் புழங்குபவை. இன்னும் பின்னால் போக, 1876இல் தொடங்கும் இந்தியன் லா ரிப்போர்ட்ஸின் மெட்ராஸ் வரிசை இருக்கிறது.

இவையெல்லாம் இணையத்தில் இருக்கும்போது நூலகத்துக்கு ஏன் போக வேண்டும்? மூன்று காரணங்கள். எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா போன்ற கட்டணத் தளங்களைச் சட்டக் கல்லூரி நூலகங்களிலும் வக்கீல் சங்க நூலகங்களிலும் பார்க்க முடியும். உள்ளே போக மாணவர் அட்டையோ, தெரிந்த வக்கீலின் துணையோ வேண்டியிருக்கும். பொதுமக்களுக்குச் சென்னையில் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவை உண்டு. இரண்டாவது, பிரிவு வாரியாகத் தீர்ப்புகளைத் தொகுத்துச் சொல்லும் உரைநூல்களும் டைஜஸ்ட்களும். சரியான தேடுசொல் தெரியாதவருக்கு இவைதான் குறுக்கு வழி. பிரிவின் எண்ணைத் திருப்பினால் அதன் கீழ் வந்த முக்கியத் தீர்ப்புகள் வரிசையாக நிற்கும். சட்டம் மாறிக்கொண்டே இருப்பதால் எந்த ஆண்டுப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். மூன்றாவது, பழைய தொகுதிகளில் பக்கத்துப் பக்கம் தரும் வெளிச்சம்.

மேலே சொன்ன ஏஐஆர் 1951 எஸ்சி 226 என்பது செண்பகம் துரைராஜன் வழக்கு. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணைப்படி ஒவ்வொரு 14 கல்லூரி இடங்களுக்கும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரிக்கப்பட்டிருந்தது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அந்த அரசாணை செல்லாது என்றார்கள். அதே ஆண்டு ஏஐஆரின் மெட்ராஸ் பகுதியில் 120ஆம் பக்கத்தைத் திருப்பினால், அதற்கு முன் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், அப்பீலில் எந்த வாதம் நின்றது, எது உதிர்ந்தது என்பது தெரியும். மேடைகளில் எழுபது ஆண்டுகளாகப் பேசப்படும் இந்த வழக்கில் பலர் அறியாத ஒரு விவரமும் தீர்ப்பிலேயே கிடைக்கும்: வழக்குப் போட்ட செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை, விசாரித்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்து கோர்ட்டுக்கு வந்தவர். மூலத்தைப் படிப்பவருக்கு மட்டும் கிடைக்கும் கூலி இது.

தீர்ப்பைப் படிக்கும் முறை

கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அனுமதியா, தள்ளுபடியா, திருப்பி அனுப்பினார்களா என்பது அங்கே இருக்கும். பிறகு முதல் பக்கத்துக்கு வந்து எத்தனை நீதிபதிகள் என்று எண்ணுங்கள். அப்புறம் சங்கதிகளைப் படியுங்கள்.

நடுவில் வரும் பெரும்பகுதி, இரு தரப்பு வக்கீல்களும் சொன்னது. தோற்ற தரப்பின் வாதத்தை 'கோர்ட் சொன்னது' என்று எடுத்துப் போடுவது, மனுக்களிலும் பத்திரிகைகளிலும் நான் அதிகம் பார்க்கும் பிழை. 'கற்றறிந்த வழக்கறிஞர் வாதிட்டதாவது' என்று தொடங்கும் பத்தி எங்கே முடிகிறது, நீதிபதியின் குரல் எங்கே தொடங்குகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளலாம். அதேபோல் தலைப்பில் வரும் சுருக்கம், ஹெட்நோட், தொகுப்பாசிரியர் எழுதியது. அது தீர்ப்பின் பகுதி ஆகாது. வழக்கைத் தீர்க்க அவசியமான காரணம் மட்டுமே அடுத்த கோர்ட்டைக் கட்டுப்படுத்தும். போகிற போக்கில் நீதிபதி சொன்ன கருத்துக்கு அந்தப் பலம் கிடையாது. குறிப்பெடுக்கும்போது பக்க எண்ணைவிடப் பத்தி எண்ணை எழுதி வையுங்கள். எந்தத் தொகுப்பில் தேடினாலும் அது உதவும்.

இன்றைக்கும் நிற்கிறதா?

மகளின் பங்கு வழக்குக்குத் திரும்புவோம். 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில், 2005 செப்டம்பர் 9 அன்று அப்பாவும் உயிரோடு இருந்திருக்க வேண்டும், அப்போதுதான் மகளுக்குப் பங்கு என்றார்கள். 2018 பிப்ரவரியில் தானம்மா வழக்கில் வேறு இரண்டு நீதிபதிகள், 2001இலேயே இறந்துபோன அப்பாவின் மகள்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். சம எண்ணிக்கை அமர்வுகள் இரண்டு, இரண்டு திசை. கீழ்க் கோர்ட்டுகள் எதைப் பிடித்துக்கொள்ளும்? கடைசியில் மூன்று நீதிபதிகள் அமர்வு, 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் முடித்து வைத்தது: பங்கு பிறப்பால் வருகிறது, அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. பூலாவதி தீர்ப்பு அத்தோடு காலாவதி. ஆனாலும் 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக முடிந்துபோன பாகப்பிரிவினைகளை அது தொடவில்லை.

2019இல் யாரோ எழுதிய கட்டுரையை நம்பினால் பூலாவதியில்தான் நிற்பீர்கள். அதனால் ஒவ்வொரு தீர்ப்புக்கும் அதற்குப் பின் நடந்ததைப் பார்க்க வேண்டும். இந்தியன் கானூனில், ஒரு தீர்ப்பை மேற்கோள் காட்டிய பிந்தைய தீர்ப்புகளின் பட்டியல் கிடைக்கும். அதைப் புதியது முதலில் வருமாறு அடுக்கி, பெரிய அமர்வுகளின் தீர்ப்புகளைத் திறந்து, உங்கள் வழக்கின் பெயர் வரும் இடத்தைப் படியுங்கள். ஒப்புக்கொள்கிறார்களா, சங்கதி வேறு என்று விலக்குகிறார்களா, ரத்தே செய்கிறார்களா? உயர் நீதிமன்றத் தீர்ப்பாக இருந்தால் உச்ச நீதிமன்றத்தில் அப்பீல் போனதா என்று கட்சிக்காரர் பெயரை வைத்துத் தனியாகத் தேட வேண்டும். அரசியல் சட்டத்தின் 141ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு சென்னையில் மதிப்போடு கேட்கப்படும், கட்டுப்படுத்தாது.

கோர்ட் மட்டுமே தீர்ப்பை வீழ்த்துவதில்லை. செண்பகம் தீர்ப்பு வந்த இரண்டே மாதத்தில், 1951 ஜூனில், நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தில் முதல் திருத்தம் செய்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4) பிரிவைச் சேர்த்தது. அந்தத் தீர்ப்பின் விளைவு அங்கேயே அடிபட்டுவிட்டது. மேற்கோள் பட்டியலை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாமல் போகலாம். அதனால் கடைசியாக ஒருமுறை இந்தியா கோட்டுக்குத் திரும்பிப் போய், நீங்கள் எடுத்த பிரிவு தீர்ப்புக்குப் பிறகு திருத்தப்பட்டதா என்று அடிக்குறிப்பைப் பாருங்கள்.

நகல் வாங்குவது

இணையத்தில் இறக்கிய பிரதி படிக்க உதவும். அப்பீல் போடவும், வேறு அலுவலகத்தில் கொடுக்கவும் சான்றிட்ட நகல் வேண்டும். வழக்கு நடந்த கோர்ட்டின் நகல் பிரிவில் வழக்கு எண், உத்தரவு தேதி, எந்த ஆவணம் என்று எழுதி மனு கொடுக்க வேண்டும். வழக்கில் சம்பந்தமில்லாத மூன்றாம் நபர் என்றால், எதற்காகக் கேட்கிறேன் என்று பிரமாணப் பத்திரம் வைத்து, கோர்ட்டின் அனுமதியோடுதான் பெற முடியும். 'ஆர்டிஐ போட்டால் கொடுத்துத்தானே ஆகணும்' என்று சிலர் சொல்வார்கள், அது நடக்காது. கோர்ட் ஆவணங்களை அந்தந்த நீதிமன்ற விதிப்படிதான் கேட்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பழைய வழக்குக் கட்டு என்றால் தாமதிக்க வேண்டாம். தேவையற்ற ஆவணங்களை அழிக்க 1917ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே இருக்கிறது. குறிப்பிட்ட காலம் கடந்த கட்டுகள் பதிவறையிலிருந்து போய்விடும். தாத்தா காலத்து ஓ.எஸ். வழக்கைத் தேடுகிறவர்கள் அதற்கு முன் வீட்டுப் பெட்டியையும் பழைய வக்கீலின் அலுவலகத்தையும் ஒருமுறை துழாவிவிடலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழு ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.